கம்போடியா: குடும்பத்தோடு சாலை வழியே போகலாமா, நேரா அங்கோர் போதுமா?

கேள்வி, 9 ஜனவரி 2025

கம்போடியான்னா அங்கோர் வாட். அவ்வளவுதான். சியெம் ரீப்ல ஃபிளைட்ல இறங்கி, மூணு நாள் பாஸ் எடுத்து, பார்த்துட்டுக் கிளம்புறதை விட்டுட்டு, வயசான அம்மாவையும் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு ப்னோம் பென்ல இருந்து கார்ல சுத்துறது வீண் அலைச்சல். வழி முழுக்க வெறும் வயக்காடு. போய்ட்டு வந்தவங்க யாராவது மறுக்க முடியுமா?

9 ஜனவரி, இரவு

மறுக்கிறேன். இப்போதுதான் திரும்பினோம், ஒரு பெட்டி இன்னும் பிரிக்காமல் ஹாலில் கிடக்கிறது. நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், எழுபதைத் தொடப்போகும் அம்மா. அரையாண்டு லீவோடு கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போனோம்.

வயக்காடு என்பது உண்மை. அதற்காக அதை ஒன்றுமில்லை என்று தள்ளினால் எப்படி? அறுவடை முடிந்த வயல், வரப்புக்கு வரப்பு பனைமரம். எங்கள் அம்மா உடன்குடிப் பக்கம் பிறந்தவர். ப்னோம் பென்னைத் தாண்டி ஆறாம் எண் சாலையில் ஏறியதும் பேரனிடமிருந்து ஜன்னல் ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டார். கடைசி வரை திருப்பிக் கொடுக்கவில்லை. "இம்புட்டுத் துட்டு செலவழிச்சு நம்ம ஊருக்கே கூட்டியாந்திருக்கியேடா" என்றார். திட்டா பாராட்டா என்று இன்னும் பிடிபடவில்லை.

அலைச்சல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த வரிசையில் போகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

10 ஜனவரி, காலை

வரிசை.

நாங்கள் போனது: ப்னோம் பென், அங்கிருந்து வடக்கே சுமார் 165 கி.மீ. கம்போங் தோம், அதன் பக்கத்தில் சம்போர் பிரெய் குக். பிறகு இன்னும் வடக்கே ஏறி தாய்லாந்து எல்லையில் மலை விளிம்பில் இருக்கும் பிரியா விஹியர் கோயில். இறங்கும் வழியில் கோ கேர். கடைசியில்தான் சியெம் ரீப். அங்கிருந்தே விமானம், ப்னோம் பென்னுக்குத் திரும்பவில்லை.

சம்போர் பிரெய் குக் ஏழாம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகரம், அன்றைய பெயர் ஈசானபுரம். கோ கேர் பத்தாம் நூற்றாண்டு. சியெம் ரீப் பக்கத்து பன்தே ஸ்ரே கோயில் 967. அங்கோர் வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டு, இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. இதே வரிசையில் போனால் செங்கல் போய் மணற்கல் வருவதும், தனித்தனிக் கோபுரம் போய் பிராகாரம் பிராகாரமாக வளர்வதும் தானாகக் கண்ணில் படும். யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தலைகீழாகப் போனால் அங்கோரைப் பார்த்த கண்ணுக்கு மற்றதெல்லாம் இளைத்துவிடும். என் சகலை அப்படித்தான் போனார். சம்போரைப் பற்றிக் கேட்டால் "இடிஞ்ச செங்கச்சூளை மாதிரி இருந்துச்சு" என்கிறார்.

அந்தச் செங்கச்சூளையில் எண்கோண வடிவத்தில் கோயில்கள் நிற்கின்றன. வெளிச்சுவரில், செங்கல்லிலேயே, பறக்கும் மாளிகைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கோபுரத்தை மரவேர் முழுசாக விழுங்கிவிட்டது, வாசல் மட்டும்தான் பாக்கி. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தும் நாங்கள் போன காலையில் எங்களையும் ஒரு பிரெஞ்சு ஜோடியையும் தவிர ஆள் இல்லை. துண்டு விற்கும் பிள்ளைகள் மட்டும் பின்னாலேயே வந்தார்கள்.

மகளுக்குப் பிடித்த தகவல் ஒன்று. ஈசானவர்மனின் அப்பா பெயர் மகேந்திரவர்மன். அதே காலத்தில் காஞ்சியிலும் ஒரு மகேந்திரவர்மன் ஆண்டுகொண்டிருந்தார். நம்மவர் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் குடைந்தேன் என்று மண்டகப்பட்டில் எழுதி வைத்தார். அங்கே மகேந்திரவர்மனின் மகன் ஊர் முழுக்கச் செங்கல்லாலேயே கட்டினார். "ரெண்டு மகேந்திரவர்மனும் சந்திச்சிருந்தா சண்டை வந்திருக்கும்ப்பா" என்றாள்.

10 ஜனவரி, மாலை

வண்டி பற்றிக் கேட்டவருக்கு: நீங்களே ஓட்டும் யோசனையை விடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எதிரே கைப்பிடி நீண்ட உழவு டிராக்டர், வைக்கோல் ஏற்றிக்கொண்டு, விளக்கு இல்லாமல் வரும். டிரைவரோடு வேன் எடுங்கள்.

அதிலும் ஒரு கூத்து. ஏழு பேர் உட்காரும் வேன் என்று ஆன்லைனில் முன்பணம் வாங்கியவர்கள் காலையில் அனுப்பியது ஐந்து பேர் கார். டிரைவரைச் சேர்த்தால் ஆறு பேர், மேலே நான்கு பெட்டி, ஒரு மின்சார குக்கர். போன் எடுக்கவில்லை. முன்பணம் போனது போனதுதான். விடுதி வரவேற்பில் இருந்த பெண் அவருக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வேன் வரவழைத்தார். வந்த டிரைவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, ஆங்கிலம் அளவாக. வந்து நின்றதும் அம்மாவுக்குக் கை குவித்துக் கும்பிட்டு "யேய்" என்றார். பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் பிள்ளைகள் இரண்டாம் நாளே அவரை "போங்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அண்ணன். அவருக்குப் பேரன் இருக்கிறான், இருந்தாலும் சந்தோஷம்தான்.

வாடகை பேசும்போது பெட்ரோல், டிரைவர் சாப்பாடு, அவர் தங்கும் செலவு எல்லாம் அதில் அடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரியா விஹியர் பக்கம் போவதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11 ஜனவரி

சாப்பாடு. எதிர்பார்த்தேன் இந்தக் கேள்வியை.

நாங்கள் எல்லாம் சாப்பிடுகிற ஆள்கள். அம்மா மட்டும் மார்கழி முழுக்கக் கவிச்சி தொடமாட்டார். அங்கே இறைச்சி இல்லாமல் கேட்டால் தருவார்கள், மீன் இல்லாமல் கேட்டால் சமையல்காரர் நம்மைப் பாவமாகப் பார்ப்பார். வெறும் வள்ளைக்கீரை வதக்கலில்கூட தெக் த்ரெய் எனும் மீன்சாறு இறங்கும். பிராஹோக் பற்றிச் சொல்லவே வேண்டாம், உப்பில் ஊறிப் புளித்த மீன் விழுது, அதன் வாசனை கடைக்கு முன்னால் வந்து நம்மை வரவேற்கும். எனக்குப் பிடித்தது, தூத்துக்குடிக் கருவாட்டு வாசனையில் வளர்ந்த மூக்கு. மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

டிரைவர் ஒவ்வொரு கடையிலும் உள்ளே போய் அடுப்படிக்கே சென்று யேய்க்கு என்னென்ன கூடாது என்று ஒப்பிப்பார். அப்படியும் அம்மாவைக் காப்பாற்றியது க்ரலான்தான். ஒட்டரிசி, தேங்காய்ப்பால், பயறு மூன்றையும் மூங்கில் குழாயில் அடைத்து, வைக்கோலால் வாயை மூடி, தணலில் சாய்த்து வைத்துச் சுடுகிறார்கள். வெளித்தோலைச் சீவி மெல்லிசாக்கித்தான் விற்பார்கள். வாழைப்பழம் உரிக்கிற கணக்காக நாமே பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே தின்ன வேண்டும். மூங்கிலின் உள்சவ்வு சோற்றைச் சுற்றி வெள்ளைத் தாளாக ஒட்டியிருக்கும், அதோடு சேர்த்தே சாப்பிடலாம். அம்மா காலைக்கு ஒன்று, கைவசம் ஒன்று என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் கொண்டுபோனோம். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். ஊறுகாயில் பாதியை டிரைவர் காலி செய்தார்.

ஸ்குன் என்று ஒரு ஊர் வரும், கம்போங் தோம் போகிற வழியிலேயே. அங்கே தட்டில் கறுப்பாகக் குவித்து வைத்திருப்பது பொரித்த பெரிய சிலந்தி. மகன் ஒரு கால் தின்றான். மகள் அன்று முழுக்க அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

11 ஜனவரி, பிறகு ஞாபகம் வந்தது

கழிவறைக்குப் பெரிய பெட்ரோல் பங்க்குகளை நம்பலாம், காபிக் கடையோடு சுத்தமாக இருக்கின்றன. வயசானவர்களோடு போகிறவர்கள் ஹோட்டல் பட்டியலுக்கு முன்னால் இந்தப் பட்டியலைப் போடுங்கள்.

14 ஜனவரி

பொங்கல் நாளும் அதுவுமாக இதை எழுதுகிறாயே என்று மனைவி. காரணம் இருக்கிறது. இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தது கம்போடியா பனங்கட்டியில்.

சியெம் ரீப்பிலிருந்து பன்தே ஸ்ரே போகும் வழியில் பிரெய் டாக் என்று ஒரு ஊர். சாலை ஓரமாக வரிசையாக மண் அடுப்பு, அகலமான இரும்புச் சட்டி, பதநீர் கொதித்துக்கொண்டிருக்கும். அம்மா "நிறுத்து, நிறுத்து" என்று தமிழிலேயே சொன்னார், டிரைவரும் நிறுத்தினார்.

பனை ஒன்றுதான், ஏறுகிற விதம் வேறு. நம்மூரில் தளைக்கயிறு மாட்டி உடம்பை மரத்தோடு சேர்த்து ஏறுவார்கள். அங்கே கணுக் கணுவாகக் கிளை விட்டு வெட்டிய நீண்ட மூங்கிலை மரத்தோடு கட்டிவிடுகிறார்கள், அதுவே ஏணி. பாளையை மரக் கிட்டியால் நசுக்குவது இரண்டு ஊரிலும் உண்டு. கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். புளிக்காமல் இருக்க நாம் சுண்ணாம்பு தடவுவோம், அவர்கள் குழாய்க்குள் மரச்செதில் போடுகிறார்கள். அம்மா குழாயை வாங்கி முகர்ந்து பார்த்து, உள்ளே விரல் விட்டு அந்தச் செதிலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சட்டிக்காரப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.

காய்ச்சி இறக்கிய பாகைக் கட்டையால் விடாமல் கடைகிறார்கள். பழுப்பு வெளுத்து, இறுகி வரும்போது ஓலையில் சுருட்டிய வளையங்களுக்குள் ஊற்றி ஆறவைக்கிறார்கள். நமக்குச் சிரட்டை அச்சு, அவர்களுக்கு ஓலை அச்சு. பிறகு வட்டு வட்டாக அடுக்கி, அதையும் ஓலையில் பொதிந்து கட்டித் தருகிறார்கள். அந்தப் பெண்ணும் அம்மாவும் ஆளுக்கொரு பாஷையில் நெடுநேரம் பேசினார்கள். நடுவில் டிரைவர் மொழிபெயர்க்க வந்தார், இரண்டு பேருமே கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார்கள்.

இன்றைய பொங்கலுக்கு அம்மாவின் தீர்ப்பு: "நிறம் பரவால்ல, உடன்குடி மணம் வராது." எதிர்பார்த்ததுதான். உடன்குடிக்காரர்கள் வேறு எந்தத் தீர்ப்பும் சொல்லி நான் கேட்டதில்லை.

15 ஜனவரி

பிரியா விஹியர் வயசானவர்களுக்குச் சரிப்படுமா என்றால், பாதி சரிப்படும். அடிவாரத்தில் பாஸ்போர்ட் காட்டி டிக்கெட் எடுத்து, அங்கே வாடகைக்கு நிற்கும் பிக்கப் வண்டிக்கு மாற வேண்டும். சாதாரண வேன் அந்த ஏற்றத்தில் ஏறாது. அம்மா முன் சீட்டில், நாங்கள் பின்னால் பலகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வளைவுகளில் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஆவோமின் (வாந்தி மாத்திரை) கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

மேலே கோயில் 800 மீட்டர் நீளத்துக்கு வாசல் வாசலாக ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் பிராகாரத்துக்குப் பின்னால் மலை சட்டென்று முடிந்து, ஐந்நூறு மீட்டருக்குக் கீழே கம்போடிய சமவெளி. சிவன் கோயில். படிக்கட்டு தாய்லாந்துப் பக்கம் பார்த்தே கட்டப்பட்டிருக்கிறது, அந்தக் காலத்தில் பக்தர்கள் வடக்கிலிருந்து ஏறி வந்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வழி அடைப்பு. 1962-இல் சர்வதேச நீதிமன்றம் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதன் பிறகும் இரண்டு நாட்டு ராணுவமும் அங்கே சுட்டுக்கொண்டன. நாங்கள் போனபோது மணல்மூட்டைப் பதுங்குகுழிப் பக்கம் ஒரு சிப்பாய் ஊஞ்சல்வலையில் படுத்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இரண்டாவது வாசலோடு நின்றுவிட்டார். கல் சீராக இல்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

19 ஜனவரி

கோ கேர் பற்றித் தனியாக எழுதச் சொல்லியிருந்தார்கள்.

நான்காம் ஜெயவர்மன் 928-இல் தலைநகரத்தை அங்கோரிலிருந்து இங்கே தூக்கிக்கொண்டு வந்தார். 944-இல் திரும்பவும் அங்கோருக்கே போய்விட்டது. நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச காலத்தில் எப்படித்தான் இவ்வளவு கட்டினார்களோ. பிரசாத் தோம் 36 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு, படிப்படியாகக் குறுகும் கல்மேடு. பின்பக்கம் மரப்படி போட்டிருக்கிறார்கள். அருகே சிறு சிறு கோயில்களில் ஆள் உயர லிங்கங்கள், ஆவுடையாரோடு, கூரை இல்லாமல். அம்மா ஒவ்வொன்றுக்கும் செருப்பைக் கழற்றினார், ஒவ்வொரு தடவையும் மகன்தான் செருப்பைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் நான் போனது பிரசாத் சென்னுக்காக. பீமனும் துரியோதனனும் கதையோடு கடைசிச் சண்டைக்கு நிற்கிற சிலைகள் அங்கே இருந்தன, சுற்றிலும் மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. எழுபதுகளின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில், கணுக்காலுக்கு மேல் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதங்கள் பீடத்தோடு நின்றுவிட்டன. துரியோதனன் 2011-இல் நியூயார்க்கில் சாத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது இந்தப் பாதங்கள்தான் சாட்சி ஆயின. வழக்கு நடந்து, 2014-இல் துரியோதனன் திரும்பினான். கலிஃபோர்னியாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திலிருந்து பீமனும் அதே ஆண்டு திரும்பினான்.

இதை மகனிடம் சொன்னபோது அவன் கேட்டது: "திருடுனவன் ரெண்டு பேரையும் வேற வேற ஊருக்கு வித்துட்டா சண்டையை யார் முடிப்பா?"

இங்கேதான் என் வரிசையில் எனக்கே இரண்டாவது யோசனை வருகிறது. திரும்பி வந்த சிலைகள் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் ப்னோம் பென்னில் இருக்கிறது, நாங்கள் அதை முதலில் பார்த்தோம். பிள்ளைகள் அரை மணியில் ஐஸ்கிரீம் கேட்டார்கள். கோ கேர் பார்த்த பிறகு அந்த அறைக்குள் போயிருந்தால் நாங்கள் கூப்பிட்டாலும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். காலவரிசைக்கு ஈசானபுரம் முதலில் வர வேண்டும், அருங்காட்சியகம் கடைசியில் வர வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ப்னோம் பென்னில் தொடங்கி ப்னோம் பென்னில் முடிக்க வேண்டும். விமானச் சீட்டும் அதில் மலிவு. திரும்பும் சாலைக்கு ஒரு முழு நாள் கூடுதல். பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால் அப்படிப் போங்கள்.

முக்கியமான ஒன்று: கோ கேர், பிரியா விஹியர் பக்கமெல்லாம் போட்டிருக்கும் பாதையை விட்டு இறங்காதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அது அலங்காரம் அல்ல, கண்ணிவெடி எச்சரிக்கை. இயற்கை அழைத்தாலும் சரி, புதருக்குள் போகக் கூடாது.

26 ஜனவரி

பன்தே ஸ்ரே. சின்னக் கோயில், சிவந்த மணற்கல், மரத்தில் இழைத்ததைப் போன்ற நுணுக்கம். ராஜா கட்டியதல்ல, யக்ஞவராகன் என்ற அரசவைப் பெரியவர் கட்டியது. ராவணன் கைலாயத்தை உலுக்குவது, சிவன் காமனை எரிப்பது எல்லாம் வழிகாட்டிகள் காட்டுவார்கள். அவர்கள் பெரும்பாலும் காட்டாமல் விடுவதைத் தேடுங்கள். வாசல் முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார், பல கைகள். கீழே ஓரத்தில் எலும்பும் தோலுமாக, மார்பு வற்றித் தொங்க, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் சொல்கிறார்கள்.

நான் எதுவும் சொல்லாமல் போனின் ஜூமில் வைத்து அம்மாவிடம் நீட்டினேன். உள் பகுதியைக் கயிறு கட்டி அடைத்திருப்பதால் கிட்டே போக முடியாது. அம்மா பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "பேயம்மை இங்க எங்கடா வந்தா?" ஒவ்வோர் ஆண்டும் மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போகிறவர். எப்படி வந்தார் என்று எனக்குத் தெரிந்த அளவில் கப்பல், வணிகர், சைவம் என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா கேட்கவில்லை. கயிற்றோரம் நின்றே மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பின்னால் வந்த கூட்டம் சுற்றிக்கொண்டு போனது.

(1923-இல் ஒரு பிரெஞ்சு இளைஞர் இந்தக் கோயிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்து, ப்னோம் பென்னில் மாட்டினார். பிற்காலத்தில் பிரான்ஸின் கலாசார அமைச்சரான ஆந்த்ரே மால்ரோதான் அவர்.)

2 பிப்ரவரி

அங்கோர் வாட் பற்றி ஏன் எழுதவே இல்லை என்கிறார்கள். எல்லோரும் எழுதியாயிற்று. எனக்குத் தேவைப்பட்ட விவரங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. 12 வயதுக்குக் கீழே இலவசம், பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். உச்சிக் கோபுரத்துக்கு ஏறும் படி செங்குத்து, 12 வயதுக்குக் கீழே விடமாட்டார்கள். மகன் அழுதான். அம்மாவும் அவனும் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

சூரிய உதயத்துக்கு நான்கரைக்கு எழுப்பி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குளத்தங்கரையில் முன்னால் நிற்பவரின் போன் திரையில்தான் உதயம் தெரியும். கோயில் மேற்கு பார்த்தது, மேற்குத் தாழ்வாரச் சிற்பங்களில் வெயில் விழுவது பிற்பகலில். அங்கேதான், தென்பாதி நீளத்துக்கு, குருட்சேத்திரம் ஓடுகிறது. பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். அம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னும் தை பொறக்கலயே, பாவம்" என்றார். தெற்குத் தாழ்வாரத்தில் எமதர்மன், சித்திரகுப்தன், கீழே நரகங்கள். எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று மகன் ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் அக்காவின் எதிர்காலத்தைத் தீர்மானித்தான்.

15 பிப்ரவரி

ப்னோம் பென்னில் இருக்கும் தோல் ஸ்லெங். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்ததால் இங்கேயே.

பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். 1975 முதல் 1979 வரை, லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சியின் சிறை. கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது, வகுப்பறைகளுக்குள் செங்கல் வைத்து ஆள் படுக்க முடியாத அளவுக்கு அறைகள். பிறகு வரிசை வரிசையாக முகங்கள், உள்ளே கொண்டுவந்த அன்று எடுத்த புகைப்படங்கள். மகன், அம்மா, மனைவி மூவரும் அரண்மனைக்குப் போனார்கள். நானும் மகளும் மட்டும் இங்கே.

அவள் ஒன்பதாம் வகுப்பு. சரியான வயதா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வழியில் பார்த்த ஒவ்வொரு வயசானவரையும், "அப்போ இவங்களுக்கு என்ன வயசு?" என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். டிரைவரையும் போட்டாள். கேட்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். அவரே வேறொரு நாள், கம்போங் தோமில் டீ குடிக்கும்போது, தனக்கு அப்பா ஞாபகம் இல்லை என்று மட்டும் சொன்னார். டீ முடிந்ததும் டயரில் காற்றுப் பார்க்கப் போனார்.

9 மார்ச்

சில்லறை விஷயங்கள், கேட்டவர்களுக்கு.

பணம்: டாலரும் ரியலும் இரண்டுமே ஓடும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியலுக்குக் கொஞ்சம் மேலே. டாலர் நோட்டில் ஊசிமுனைக் கிழிசல் இருந்தாலும் திருப்பித் தருவார்கள். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஓரத்தை விரலால் தடவுவார், பிறகு தலையை ஆட்டுவார். நமக்கு அப்படி ஒரு நோட்டு மீதியாக வந்தால் நாமும் அதையே செய்ய வேண்டும். மனைவி மூன்றாம் நாள் அந்தக் கலையில் தேறிவிட்டாள்.

பிள்ளைகளுக்கு: சியெம் ரீப்பில் அபோபோ மையம். ஆப்பிரிக்கப் பெரிய எலிகள் கண்ணிவெடியை மோப்பம் பிடிப்பதைக் காட்டுகிறார்கள். எலியின் கனத்துக்கு வெடி வெடிக்காது. மகாவா என்ற எலி 2020-இல் வீரப் பதக்கம் வாங்கியது, ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் நூற்றுக்கும் மேல் வெடிபொருள்களைக் கண்டுபிடித்தது. அங்கோர் வாட், எலி மையம் இரண்டில் எது பிடித்தது என்று மகனிடம் கேட்காதீர்கள்.

கல்யாணம்: மழை ஓய்ந்த மாதங்கள் கல்யாண சீசன். பாதிச் சாலையை அடைத்துப் பந்தல், விடிகாலை ஐந்துக்கே ஒலிபெருக்கி. கம்போங் தோம் விடுதியில் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒன்று. நான் திட்டினேன், அம்மா எழுந்து குளித்துத் தயாராகிவிட்டார், யாரோ கூப்பிட்டதைப் போல.

29 ஜூலை

ஜனவரியில் பிரியா விஹியர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு யாரும் இப்போது கிளம்பிவிட வேண்டாம். 24-ஆம் தேதி தொடங்கி எல்லை நெடுக இரண்டு ராணுவமும் சண்டை, லட்சக்கணக்கில் மக்கள் வீட்டை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். நேற்று மலேசியாவில் போர்நிறுத்தம் பேசி முடித்திருக்கிறார்கள். நிலைக்கட்டும்.

டிரைவருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அவர் குடும்பம் ப்னோம் பென் பக்கம், நலம். எல்லைப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டார் ஒரு பௌத்த விகாரையின் வளாகத்தில் தார்ப்பாய் போட்டுத் தங்கியிருக்கிறார்களாம். ஊஞ்சல்வலையில் படுத்திருந்த அந்தச் சிப்பாயைப் பற்றி மகள் கேட்டாள். என்ன பதில் சொல்வது.

இந்த மாதம்தான் தோல் ஸ்லெங்கும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

14 செப்டம்பர்

புதிதாகத் திட்டம் போடுகிறவர் கேட்டது: பிரியா விஹியர் இல்லாமல் அதே பாதை வருமா? வரும்.

ப்னோம் பென், கம்போங் தோம், சம்போர், அங்கிருந்து வடக்கே ஏறாமல் ஆறாம் எண் சாலையிலேயே நேராக சியெம் ரீப். இதில் உங்களுக்கு ஒரு லாபம், நாங்கள் பார்க்காத கம்போங் க்டெய் பாலம் வழியில் வரும். ஏழாம் ஜெயவர்மன் காலம், செம்புரைக்கல், இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், இரண்டு முனையிலும் படமெடுத்த நாகம். கோ கேரை சியெம் ரீப்பிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், காலையில் சீக்கிரம் கிளம்பினால் வழியில் பெங் மெலியா கோயிலும் சேரும். எல்லை நிலவரத்தை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்னோம் பென்னில் இந்த மாதம் தேச்சோ என்ற புது விமான நிலையம் திறந்துவிட்டது, பழையதைவிடத் தள்ளி, நகரத்துக்குத் தெற்கே. சியெம் ரீப்பிலும் 2023 அக்டோபரிலிருந்து புது நிலையம்தான், ஊருக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். பழைய பயணக் குறிப்புகளில் "பத்து நிமிஷத்தில் ஹோட்டல்" என்று இருந்தால் நம்ப வேண்டாம்.

ஸ்குன்னில் வண்டியை நிறுத்தவே கூடாது என்று எழுதச் சொல்கிறாள் மகள். கட்டாயம் நிறுத்த வேண்டும் என்கிறான் மகன். உங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடத்திக்கொள்ளுங்கள்.